குடித்தனக்காரர் காலி செய்ய மறுத்தால்: ஒன்றிரண்டு போர்ஷன் வைத்திருப்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

மாடியில் ஒரு போர்ஷன், பக்கவாட்டில் ஒரு போர்ஷன் கட்டி வாடகைக்கு விட்டு, அந்தப் பணத்தில் வீட்டுக் கடனையோ மாத்திரைச் செலவையோ பார்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெரிய வளாகம் வைத்திருப்பவர்களுக்கு ஆள் உண்டு, வக்கீல் உண்டு. நமக்கு வாடகை நின்றுபோனால் இரண்டாவது மாதமே தூக்கம் போய்விடும். அந்தத் தூக்கம் கெட்ட நேரத்தில்தான் வீட்டுக்காரர்கள் தங்கள் வழக்கைத் தாங்களே கெடுத்துக்கொள்கிறார்கள்.

இதில் சொல்வதெல்லாம் தமிழ்நாட்டுக்கு. புதுச்சேரிக்கோ பெங்களூருக்கோ சட்டம் வேறு.

கோபத்தில் செய்யக்கூடாதவை

குடித்தனக்காரர் ஊருக்குப் போயிருக்கும்போது பூட்டை மாற்றுவது, மின் பியூஸைப் பிடுங்குவது, மோட்டார் போடாமல் விடுவது, சாமானை எடுத்து வாசலில் வைப்பது, தெரிந்த ஆட்களைக் கூட்டிவந்து மிரட்டுவது. ஒரே வாரத்தில் வேலை முடியும் என்று இதையெல்லாம் சொல்லிக்கொடுக்க ஒவ்வொரு தெருவிலும் ஒருவர் இருப்பார். கேட்காதீர்கள்.

முறையாகக் குடிவந்தவர் வாடகையே தராவிட்டாலும், ஒப்பந்தம் முடிந்துபோயிருந்தாலும், நீதிமன்ற உத்தரவு இல்லாமல் அவரைப் பலவந்தமாக வெளியேற்ற முடியாது. உச்ச நீதிமன்றம் 1989-லேயே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. தண்ணீர், மின்சாரத்தை நிறுத்துவதை வாடகைச் சட்டமே தனிப் பிரிவு போட்டுத் தடுக்கிறது; குடித்தனக்காரர் மனுக் கொடுத்தால் உடனே திரும்பக் கொடுக்கச் சொல்லி உத்தரவு வரும். பூட்டை உடைத்தால் கிரிமினல் புகார் வரும். அதற்குப் பிறகு காவல் நிலையத்தில் நீங்கள் வாடகை பாக்கிக்காக அலைபவர் இல்லை, எதிர் மனுதாரர். மூன்று மாத பாக்கி வைத்தவர் நியாயம் கேட்பவராக மாறி உட்கார்ந்திருப்பார்.

ஸ்டேஷனுக்குப் போனாலும் "இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க" என்றுதான் சொல்வார்கள். அவர்கள் சொல்வது சரிதான். அடிதடி, மிரட்டல், வீட்டைச் சேதப்படுத்துவது போன்றவை நடந்தால் மட்டும் புகார் கொடுங்கள், கொடுத்ததற்கு சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதாக ஸ்டேஷனில் தரும் சீட்டு) வாங்கி வையுங்கள்.

எந்தச் சட்டம் உங்களுக்கு?

1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் ஆர்.சி.ஓ.பி. எனும் மனுப் போட்டுப் பல வருடங்கள் அலைந்த கதை எல்லாக் குடும்பத்திலும் ஒன்று இருக்கும். அந்தச் சட்டம் இப்போது இல்லை. அதற்குப் பதிலாக வந்தது 2017-ஆம் ஆண்டின் சொத்து உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்கள் உரிமைகள், பொறுப்புகள் பற்றிய சட்டம். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி எல்லைக்குள் வீடு இருந்தால் இதுதான்.

வீடு கிராம ஊராட்சியில் இருந்தால் பாதை வேறு. சொத்து மாற்றுச் சட்டத்தின் 106-ஆம் பிரிவின்படி நோட்டீஸ் கொடுத்து, சிவில் நீதிமன்றத்தில் வழக்குப் போட வேண்டும். நகரத்தை ஒட்டியிருக்கும் பல ஊராட்சிகள் பேரூராட்சியாகவோ நகராட்சியாகவோ மாறிவிட்டன. சில மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டன. அதனால் வீட்டு வரி ரசீதை எடுத்து, எந்த உள்ளாட்சி என்று பார்த்துக்கொள்வது நல்லது.

ஒத்திக்கு விட்டவர்கள் கவனிக்க வேண்டும். சென்னையில் லீசு என்பார்கள், சில ஊர்களில் போக்கியம் என்பார்கள். மொத்தமாக நாலு லட்சம், ஐந்து லட்சம் வாங்கிக்கொண்டு மாத வாடகை இல்லாமல் விடுவது. இது பெரும்பாலும் வாடகைக் கணக்கில் வராது, அடமானக் கணக்கில் வரும். வாங்கிய தொகையைத் திருப்பித் தராமல் காலி செய்யச் சொல்ல முடியாது. நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை பணத்தைப் புரட்டுவது. பிறகு பத்திரத்தை வக்கீலிடம் காட்டுவது. கீழே வரும் நோட்டீஸ், மனு விஷயம் உங்களுக்கு அப்படியே பொருந்தாது.

இன்னொரு பயத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். "பன்னிரண்டு வருஷம் குடியிருந்தா வீடு அவங்களுக்கே சொந்தமாயிடும்" என்று ஒரு பேச்சு ஊரெல்லாம் உலவுகிறது. உங்கள் அனுமதியோடு வாடகைக்கு வந்தவர் குடியிருக்கும் வரை அவர் குடித்தனக்காரர்தான். உங்களிடம் வாடகைக்கு வந்தவர் அங்கேயே உட்கார்ந்துகொண்டு "இது உன் வீடே இல்லை" என்று சொல்லச் சாட்சியச் சட்டம் இடம் தருவதில்லை. அதற்காக வாடகை, ரசீது, ஒப்பந்தம் எதுவும் இல்லாமல் வருடக்கணக்கில் கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாம் என்று அர்த்தமில்லை. வாடகை உறவு முடிந்த பிறகு வீட்டைத் திரும்பக் கேட்பதற்கும் பன்னிரண்டு வருடக் கெடு உண்டு. பாக்கி வாடகை கேட்க மூன்று வருடம்தான்.

ஒப்பந்தம் இருக்கிறதா, பதிவாகியிருக்கிறதா

புதுச் சட்டத்தில் வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். எழுதினால் மட்டும் போதாது. 90 நாளுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். அரசின் இணையதளத்தில் விண்ணப்பித்து, ஒரு பதிவு எண் வாங்குவது. இது சார் பதிவாளர் அலுவலகப் பதிவு இல்லை, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். பதினோரு மாதத்துக்கு ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் சார் பதிவாளரிடம் போக வேண்டாம் என்பது உண்மை. ஆனால் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டியது அப்போதும் உண்டு. பதிவாகாத ஒப்பந்தத்தைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ள முடியாது என்று சட்டத்தின் 4-ஏ பிரிவு சொல்கிறது.

நம்மில் பெரும்பாலானவர்களிடம் இருப்பது பதிவாகாத பதினோரு மாத அக்ரிமெண்ட்தான். பலரிடம் அதுவும் இல்லை. வாய்ப்பேச்சு, ஒரு டைரிக் குறிப்பு. அப்படியானால் இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். இப்போதைய வாடகை, அட்வான்ஸ், காலம் எல்லாம் போட்டு ஒரு ஒப்பந்த நகலைத் தயாரித்து, "இதில் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள், பதிவு செய்துகொள்வோம்" என்று கடிதத்தோடு தபாலில் அனுப்புங்கள். கையெழுத்துப் போட்டால் பதிவு செய்துவிடலாம். போடாவிட்டால், ஒப்பந்தம் ஏற்படாததே வீட்டைத் திரும்பக் கேட்க ஒரு காரணம் ஆகிறது. ஒப்பந்தம் இல்லாதவர்களுக்கு வக்கீல்கள் அதிகம் எடுக்கும் வழி இதுதான்.

இதோடு சேர்த்து ஒரு கோப்பு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பத்திரம், வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு அட்டை, அட்வான்ஸ் வாங்கியதற்கான சான்று, வாடகை வந்த வங்கிக் கணக்கு அறிக்கை, வாட்ஸ்அப் பேச்சின் படப்பிரதி. வாடகையைக் கையில் வாங்குபவராக இருந்தால் இனிமேல் ரசீது போடுங்கள், அடிச்சீட்டில் அவர் கையெழுத்தோடு. ஜிபேயில் வரும் பணத்துக்கு எந்த மாத வாடகை என்று அன்றைக்கே ஒரு வரி பதில் அனுப்பிவிடுங்கள். "ஜூன் வாடகை ரூ.9,000 கிடைத்தது. மே பாக்கி இன்னும் நிற்கிறது." எட்டு மாதம் கழித்து யார் எந்த மாதம் தரவில்லை என்று சண்டை வரும்போது இந்த ஒற்றை வரிகள்தான் பேசும்.

வீடு இறந்துபோன அப்பா பெயரில் இருந்தால் வாரிசுகள் எல்லோரும் சேர்ந்து நோட்டீஸ் கொடுப்பது சிக்கலில்லாதது. ஒருவர் மட்டும் கொடுத்தாலும், மற்றவர்கள் எதிர்க்காதவரை செல்லும். வெளிநாட்டில் இருப்பவர்கள் பவர் பத்திரம் போட்டுத் தர வேண்டும்.

அட்வான்ஸ் கணக்கைப் போட்டுப் பாருங்கள்

யாரும் சொல்லாத கட்டம் இது. என் பார்வையில் இதுதான் முக்கியமானது.

ஒரு உதாரணம். மாத வாடகை ரூ.9,000, அட்வான்ஸ் ரூ.50,000. மூன்று மாத வாடகை பாக்கி ரூ.27,000, மின்கட்டணம் ரூ.2,400, ஆக ரூ.29,400. இப்போது அவர் காலி செய்தால் நீங்கள் ரூ.20,600 திருப்பித் தர வேண்டும். சுவரில் அடித்த ஆணி, உடைந்த குழாய் என்று கொஞ்சம் கழித்தாலும் கையிலிருந்து பணம் போகத்தான் வேண்டும். அந்தப் பணம் உங்களிடம் இருக்கிறதா?

பல வீட்டுக்காரர்களிடம் இருக்காது. அட்வான்ஸ் வாங்கிய மாதமே மாடிக்கு டைல்ஸ் போட்டாயிற்று, அல்லது பெண்ணுக்கு வளைகாப்பு. அடுத்த குடித்தனக்காரர் தரும் அட்வான்ஸை வாங்கி இவருக்குக் கொடுப்பதுதான் திட்டம். அடுத்தவர் வர வேண்டுமானால் இவர் காலி செய்ய வேண்டும். இவரோ பணத்தைக் கையில் வாங்காமல் காலி செய்ய மாட்டார். காலி செய்ய மறுக்கிறார் என்று நம் ஊரில் சொல்லப்படும் வழக்குகளில் கணிசமானவை, உள்ளே போய்ப் பார்த்தால், அட்வான்ஸைத் திருப்பித் தர முடியாத வழக்குகள்தான். காலி செய்த ஒரு மாதத்துக்குள் கழிவுபோக மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பது சட்டம். ஆனால் சாமானை ஏற்றிவிட்டு ஒரு மாதம் காத்திருக்க எந்தக் குடித்தனக்காரரும் சம்மதிக்க மாட்டார். அவரும் புது வீட்டுக்கு அட்வான்ஸ் கட்ட வேண்டும் அல்லவா?

மறுபக்கமும் இருக்கிறது. அதே கணக்கில் ஆறாவது மாதப் பாக்கியோடு ரூ.54,000 ஆகிவிடும், அட்வான்ஸ் தீர்ந்துபோகும். அதற்குப் பிறகு ஓடும் ஒவ்வொரு மாதமும் உங்கள் சொந்த நஷ்டம். அதனால் இரண்டாவது மாத பாக்கியிலேயே வேலையைத் தொடங்குங்கள். பாவம், கஷ்டத்தில் இருக்கிறார் என்று ஐந்து மாதம் பொறுத்துவிட்டு ஆறாவது மாதம் கொதிப்பதைவிட, இரண்டாவது மாதம் அமைதியாக ஒரு கடிதம் கொடுப்பது இருவருக்கும் நல்லது.

"அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்க" என்று அவர் சொன்னால் எழுத்தில் ஒத்துக்கொள்ளாதீர்கள். அட்வான்ஸ் நிறைய இருக்கும்போது பாக்கி என்பதே இல்லை என்ற வாதம் பழைய சட்டத்தின் கீழ் சில வழக்குகளில் எடுபட்டிருக்கிறது. காலி செய்யும்போது மட்டுமே கழிக்கப்படும் என்று ஒப்பந்தத்தில் இருந்தால் நல்லது.

பேசிப் பார்ப்பது

வாடகை கேட்கப் போகும்போது ஒரு பேச்சு, காலி செய்யச் சொல்ல ஒரு பேச்சு என்று பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னால், "வாடகையை வாங்கிட்டு விரட்டப் பாக்கிறாங்க" என்று நினைத்து வாடகையையும் நிறுத்திவிடுவார்கள்.

காலமும் பார்க்க வேண்டும். ஆடியிலும் மார்கழியிலும் நம் ஊரில் யாரும் வீடு மாற மாட்டார்கள். பிள்ளைகளுக்கு முழுப் பரீட்சை முடியாமல் நகர மாட்டார்கள். வீட்டில் கர்ப்பிணிப் பெண் இருந்தால் பிரசவம் வரை வீடு மாற மறுப்பவர்களும் உண்டு. இதெல்லாம் சட்டத்தில் இல்லை. ஆனால் ஆனி மாதம் கடைசியில் நோட்டீஸ் கொடுத்து ஆடியில் காலி செய்யச் சொன்னால், செய்யக்கூடியவரும் செய்ய மாட்டார். தையிலோ சித்திரை, வைகாசியிலோ கெடு முடியும்படி பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்.

பேச்சு இப்படி இருக்கலாம்:

"தம்பி, மூணு மாசம் பாக்கி நிக்குது. உங்க கஷ்டம் எனக்குத் தெரியுது. வைகாசி முடிய இருந்துக்கோங்க. அதுக்குள்ள வேற இடம் பாத்துட்டா ஒரு மாச வாடகையை நான் விட்டுத் தர்றேன். சாவி கொடுக்கிற அன்னிக்கே மீதி அட்வான்ஸைக் கையில தர்றேன்."

"எழுதித் தர்றீங்களா அக்கா?"

"எழுதிடுவோம். நீங்களும் கையெழுத்துப் போடுங்க."

ஒரு மாத வாடகையை விட்டுக்கொடுக்க மனசு வராதுதான். ஆனால் வழக்குக்குப் போனால் வக்கீல் கட்டணம், அலைச்சல், வராத வாடகை எல்லாம் சேர்த்து அதைவிடப் பல மடங்கு ஆகும். நான் இரண்டு மாதம் வரை விட்டுக்கொடுப்பேன். அதற்கு மேல் கேட்டால் அவர் பேச வரவில்லை, நாளை ஓட்டுகிறார் என்று எடுத்துக்கொள்வேன்.

ஒத்துக்கொண்டதை வெறும் பேப்பரில் எழுதுவதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. மாவட்ட, வட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்குப் போடுவதற்கு முன்பே மனுக் கொடுத்து, எதிர்த்தரப்பை அழைத்துப் பேசச் செய்யலாம். அங்கே சமரசமாகி மக்கள் நீதிமன்றத்தில் தீர்வாணை வாங்கினால் அது சிவில் கோர்ட் டிகிரிக்கு, அதாவது தீர்ப்பாணைக்குச் சமம், அப்பீல் கிடையாது. சொன்ன தேதியில் அவர் காலி செய்யாவிட்டால் நேராக நிறைவேற்று மனுவுக்கு (உத்தரவை அமல்படுத்தக் கேட்கும் மனு) போகலாம். செலவும் கிட்டத்தட்ட இல்லை. இதை யாரும் பயன்படுத்துவதில்லை என்பது எனக்கு எப்போதும் ஆச்சரியம்.

அங்கேயே இன்னொன்று: 1987-ஆம் ஆண்டின் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. வீடு அம்மா பெயரிலோ மனைவி பெயரிலோ இருந்தால் அரசுச் செலவில் வக்கீல் கேட்கலாம். வீட்டுக்காரர் என்பதற்காக மறுக்க முடியாது.

எந்தக் காரணத்தைச் சொல்லிக் கேட்பது

எனக்குப் பிடிக்கவில்லை, அதனால் காலி செய் என்று கோர்ட்டில் கேட்க முடியாது. சட்டத்தின் 21-ஆம் பிரிவில் சொன்ன காரணங்களில் ஒன்று வேண்டும்.

சின்ன வீட்டுக்காரர்களுக்கு அதிகம் பயன்படுவது இரண்டு. ஒன்று, இரண்டு மாத வாடகை பாக்கி. எழுத்தில் கேட்டு ஒரு மாதத்துக்குள் வட்டியோடு முழுவதும் கட்டாவிட்டால் இந்தக் காரணம் நிற்கும். அந்த ஒரு மாதத்துக்குள் கட்டிவிட்டால் நிற்காது. ஆனால் ஒருமுறை அப்படித் தப்பித்தவர் ஒரே வருடத்துக்குள் மறுபடி தொடர்ந்து இரண்டு மாதம் தவறினால், அந்தச் சலுகை இரண்டாம் தடவை கிடையாது. பழைய சட்டத்தில் வேண்டுமென்றே தரவில்லை என்று நிரூபிக்கப் படாதபாடு பட வேண்டியிருந்தது. அந்தத் தலைவலி இப்போது குறைந்திருக்கிறது.

இரண்டு, சொந்தத் தேவை. மகனுக்குக் கல்யாணம், ஓய்வு பெற்று ஊர் திரும்புவது, மாடி ஏற முடியாத அம்மாவுக்குக் கீழ்ப்போர்ஷன். நிஜமான தேவையாக இருக்க வேண்டும், அதற்குச் சான்றும் வேண்டும். கல்யாணப் பத்திரிகை, ஓய்வு ஆணை, மருத்துவரின் சீட்டு என்று எதுவானாலும் சேர்த்து வையுங்கள். வாடகையை ஏற்றித் தரவில்லை என்ற கோபத்தில் சொந்தத் தேவை என்று போட்டுவிட்டு, வாட்ஸ்அப்பில் "பன்னிரண்டாயிரம் தந்தா இருங்க" என்று அனுப்பியிருந்தால் குறுக்கு விசாரணையில் அதுதான் முதலில் வெளியே வரும்.

மற்றவை: உங்கள் எழுத்துச் சம்மதம் இல்லாமல் வேறு ஒருவருக்கு உள்வாடகைக்கு விட்டது, நோட்டீஸ் கொடுத்த பிறகும் வீட்டைத் தவறாகப் பயன்படுத்துவது, காலி செய்தால்தான் செய்ய முடிகிற பழுதுவேலை, இடித்துக் கட்டுவது. ஒப்பந்தக் காலம் முடிந்தும் போகாமல் இருந்தால், அதே நிபந்தனைகளில் மாதா மாதம் என்று அதிகபட்சம் ஆறு மாதம் நீளும். வாடகை உறவு முடிந்த பிறகும் உட்கார்ந்திருந்தால் வாடகையின் இரு மடங்கு அளவுக்கு இழப்பீடு கேட்க 23-ஆம் பிரிவு இடம் தருகிறது. நோட்டீஸிலேயே இதைக் குறிப்பிடுங்கள். சிலருக்கு அந்த வரியே போதும்.

நோட்டீஸ்

வக்கீல் மூலம் அனுப்புவது நல்லது, கட்டாயம் இல்லை. நீங்களே கையெழுத்துப் போட்டு அனுப்பினாலும் செல்லும். வாடகை பாக்கிக்கான நோட்டீஸ் இந்த மாதிரி இருக்கலாம்:

"தாங்கள் மேற்கண்ட விலாசத்தில் எனக்குச் சொந்தமான வீட்டின் முதல் மாடிப் பகுதியில், 01.03.2025 தேதியிட்ட வாடகை ஒப்பந்தப்படி மாத வாடகை ரூ.9,000-க்குக் குடியிருந்து வருகிறீர்கள். பிரதி மாதம் 5-ஆம் தேதிக்குள் வாடகை செலுத்த ஒப்புக்கொண்டிருந்தும், 2025 ஜூன், ஜூலை, ஆகஸ்ட் ஆகிய மாதங்களின் வாடகை ரூ.27,000, மின்கட்டணம் ரூ.2,400, ஆக மொத்தம் ரூ.29,400 செலுத்தவில்லை. இந்த அறிவிப்பு கிடைத்த ஒரு மாதத்துக்குள் மேற்படி தொகையை வட்டியுடன் செலுத்தும்படி கேட்டுக்கொள்கிறேன். தவறினால் தங்கள் வாடகை உரிமை அத்துடன் முடிவுக்கு வரும் என்றும், வீட்டின் காலி சுவாதீனம், பாக்கி, இழப்பீடு ஆகியவற்றுக்காக வாடகை நீதிமன்றத்தில் தங்கள் செலவில் நடவடிக்கை எடுக்கப்படும் என்றும் அறியவும்."

திட்டுவது, சாபமிடுவது, குடும்ப விவகாரம் எதுவும் வேண்டாம். தேதி, தொகை, மாதங்கள் ஒப்பந்தத்தோடும் வங்கிக் கணக்கோடும் ஒத்துப்போக வேண்டும். வாடகை ஒன்பதாயிரமா ஒன்பதாயிரத்து ஐந்நூறா என்ற சின்னக் குளறுபடியைப் பிடித்துக்கொண்டு எதிர்த்தரப்பு வக்கீல் மூன்று வாய்தா ஓட்டிவிடுவார்.

பதிவுத் தபால் 2025-ல் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டுவிட்டது. அதனால் விரைவுத் தபாலில், சேர்த்ததற்கான சான்று கேட்டு அனுப்புங்கள். அதே நோட்டீஸை வாட்ஸ்அப்பிலும் அனுப்பி வையுங்கள். தபால்காரர் வந்ததும் கதவைத் திறக்காமல் இருப்பது பழைய தந்திரம். "வாங்க மறுத்துவிட்டார்" என்று உறை திரும்பி வந்தால் அதைப் பிரிக்காதீர்கள். அப்படியே கோர்ட்டில் கொடுக்க வேண்டிய சான்று அது. சரியான விலாசத்துக்கு அனுப்பிய தபால் போய்ச் சேர்ந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும்.

நோட்டீஸ் போன பிறகு திடீரென்று ஒரு மாத வாடகை மட்டும் உங்கள் கணக்கில் விழும். இது அடிக்கடி நடப்பது. நோட்டீஸ் கெடு முடிந்த பிறகு வந்த வாடகையைப் பேசாமல் வாங்கிக்கொண்டால், நோட்டீஸை நீங்களே விட்டுக்கொடுத்ததாக வாதிட சொத்து மாற்றுச் சட்டத்தின் 113-ஆம் பிரிவில் இடமிருக்கிறது. பணத்தைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. "இந்தத் தொகையைப் பாக்கியில் வரவு வைக்கிறேன். கொடுத்த நோட்டீஸுக்கும் என் உரிமைகளுக்கும் இது பாதகம் ஆகாது" என்று அன்றே எழுதி அனுப்பிவிடுங்கள்.

மனுவும் விசாரணையும்

வாடகை அதிகாரி வேறு, வாடகை நீதிமன்றம் வேறு. துணை ஆட்சியர் நிலையில் இருக்கும் வாடகை அதிகாரி ஒப்பந்தத்தைப் பதிவு செய்வார், வாடகைத் தொகைத் தகராறு, தண்ணீர், மின்சாரத் தடை போன்றவற்றைப் பார்ப்பார். காலி செய்ய உத்தரவிடுவது அவர் வேலை இல்லை. அங்கே மனுக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். வீட்டைத் திரும்பப் பெற வாடகை நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். சென்னையில் இது உயர் நீதிமன்ற வளாகத்திலுள்ள சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் நடக்கிறது. மற்ற ஊர்களில் பெரும்பாலும் மாவட்ட முன்சீப் நீதிமன்றம்.

வக்கீலைத் தேர்ந்தெடுக்கும்போது, புதுச் சட்டத்தில் மனுப் போட்டு உத்தரவு வாங்கியிருக்கிறாரா என்று நேரடியாகக் கேளுங்கள். நிலத் தகராறில் கெட்டிக்காரராக இருப்பவர் இந்தச் சட்டத்தைத் தொட்டே இருக்க மாட்டார். கட்டணத்தை மொத்தமாகப் பேசுங்கள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் இவ்வளவு என்றால் வாய்தா நிற்காது.

மனுவோடு பிரமாணப் பத்திரமும் ஆவணங்களும் முதலிலேயே போக வேண்டும். சுருக்க விசாரணை என்பதால் அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம் என்று எதையும் வீட்டில் வைக்காதீர்கள். வழக்கு நடக்கும் காலத்தில் மாதா மாதம் வாடகையைக் கட்டச் சொல்லி உத்தரவு வேண்டும் என்று தனியாகக் கேளுங்கள். இதைக் கேட்க மறந்தால் அவர் வாடகையில்லாமல் சௌகரியமாக இருந்துகொண்டு வழக்கை ரசிப்பார்.

விரைவில், சில மாதங்களில் முடிக்க வேண்டும் என்பதே இந்தச் சட்டத்தின் நோக்கம். நடப்பில் சம்மன் போய்ச் சேரவே சில மாதம் போகும். எதிர்த்தரப்பு வராமல் ஒருதலைப்பட்சமாக உத்தரவானால் வேகமாக முடிந்த மாதிரி தெரியும். ஆனால் பிறகு வந்து அதை நீக்கக் கோரலாம். அதனால் சம்மன் சரியாகச் சேர்ந்திருக்கிறதா என்பதை அலட்சியமாக விடாதீர்கள். உத்தரவுக்கு எதிராக வாடகைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு உண்டு. ஒரு வருடம் ஆகும் என்று மனதளவில் தயாராகிக்கொள்வது நல்லது; அதற்குள் முடிந்தால் லாபம்.

இந்த இடைப்பட்ட காலத்தில் படிக்கட்டில் அவரைத் தினமும் பார்க்க வேண்டியிருக்கும். வாக்குவாதம் வேண்டாம். வீட்டைப் பார்க்கப் போவதானால் 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் சொல்லிவிட்டுப் போங்கள். பக்கத்து வீட்டில் அவரைப் பற்றிப் பேசுவதைக் குறைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் அவருடைய சாட்சியாக வந்து நிற்கக்கூடும்.

உத்தரவு கையில் வந்த பிறகு

உத்தரவைக் காட்டி நீங்களே போய்ச் சாமானைத் தூக்கி வைக்க முடியாது. அது கொடுத்த கெடுவுக்குள் காலி செய்யாவிட்டால் நிறைவேற்று மனுப் போட வேண்டும். உத்தரவை நிறைவேற்றும் நீதிமன்ற ஊழியரான அமீனா வருவார். கதவைத் திறக்க மறுத்தாலோ தகராறு வரும் என்று தோன்றினாலோ, பூட்டை உடைக்கவும் காவல் துறை உதவிக்கும் தனியாக உத்தரவு வாங்கிக்கொள்ளலாம். அன்றைக்குப் பூட்டுக்காரர், இரண்டு சாட்சிகள், சாமான் தூக்க ஆட்கள், புதுப் பூட்டு எல்லாம் உங்கள் ஏற்பாடு. வீட்டுக்குள் இருக்கும் சாமான்களுக்குப் பட்டியல் எடுக்கச் சொல்லுங்கள். பீரோவில் பத்துப் பவுன் இருந்தது என்று அடுத்த நாள் ஒரு புகார் வராமல் இருக்க அந்தப் பட்டியல்தான் காப்பு. வீடியோவும் எடுத்து வையுங்கள்.

பெரும்பாலானவர்கள் அமீனா வரும் வரை இருக்க மாட்டார்கள். நிறைவேற்று மனுவின் நோட்டீஸ் கையில் கிடைத்ததும் "ஒரு மாசம் டைம் கொடுங்க" என்று இறங்கி வருவார்கள். கொடுக்கலாம், ஆனால் அதை நீதிமன்றத்தில் பதிவு செய்து கொடுங்கள்.

சாவி வாங்கும் நாள்

சண்டையோடு போனாலும் சமாதானமாகப் போனாலும் அன்றைக்குச் செய்ய வேண்டியது ஒன்றுதான். இருவரும் நின்று மின் மீட்டரைப் படம் எடுங்கள், கடைசிக் கட்டணத்தைக் கணக்குப் போடுங்கள். ஒவ்வொரு அறையையும் படம் எடுங்கள். "வீட்டின் காலி சுவாதீனத்தை இன்று ஒப்படைத்துவிட்டேன். கழிவுபோக அட்வான்ஸ் மீதி ரூ.____ பெற்றுக்கொண்டேன். வேறு பாத்தியதை எதுவும் இல்லை" என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மீதிப் பணத்தை வங்கி வழியாகக் கொடுங்கள். சாவி எத்தனை என்று எண்ணி வாங்கினாலும் பூட்டை மாற்றிவிடுங்கள்.

வெள்ளையடிப்புக் கூலியைக் கழிப்பதில்தான் கடைசிச் சண்டை வரும். ஒப்பந்தத்தில் ஒரு மாத வாடகை வெள்ளையடிக்க என்று இருந்தால் கழிக்கலாம். இல்லாவிட்டால் வழக்கமான அழுக்குக்குக் கழிக்காதீர்கள், உடைந்ததற்கு மட்டும் பில்லோடு கழியுங்கள். எரிவாயு இணைப்பு, ரேஷன் அட்டை, ஆதார் விலாசத்தை மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். அவர் பெயருக்கு வரும் வங்கி நோட்டீஸ்கள் வருடக்கணக்கில் உங்கள் கதவைத் தட்ட வேண்டாம். வாடகை அதிகாரியிடம் பதிவு செய்திருந்தால் அடுத்தவருக்குப் புது ஒப்பந்தம், புதுப் பதிவு எண். அட்வான்ஸாக வாங்கும் தொகையை இந்தத் தடவை வங்கியில் தனி வைப்பாகப் போட்டுவிடுங்கள், டைல்ஸ் அடுத்த வருடம் போட்டுக்கொள்ளலாம்.